அந்திமந்தாரையின் நிறவிந்தை

மானிப்பாய் வளவுகளிலே கிணற்றடியிலும் வேலியோரத்திலும் மாலை வேளையில் மலர்வது அந்திமந்தாரை. வெப்பமண்டல அமெரிக்காவே இதன் தாயகம். சிலபோது ஒரே செடியில் ஒரு பூ தனி மஞ்சளாகவும் அடுத்தது செங்கோடுகள் படர்ந்தும் விரியும். இதனை நோயெனக் கருதிச் செடியைப் பிடுங்கி எறிவோரும் உளர். அது நோயன்று. செடி வளரும்போதே சில கலங்களில் நிறத்துக்குரிய பரம்பரைக் கூறு மாறிவிடுகின்றது. அக்கலங்களினின்று தோன்றும் பகுதி வேறு நிறம் பெறுகின்றது.

வித்தினால் விளையும் மாற்றம் வேறு. 1900ஆம் ஆண்டில் மெண்டலின் விதிகளை மீண்டும் வெளிக்கொணர்ந்தவருள் ஒருவரான செருமானிய அறிஞர் கார்ல் கொறென்சு இச்செடியையும் ஆராய்ந்தார். தூய சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் பிறப்பவை இளஞ்சிவப்பாகப் பூக்கும். அவற்றின் வித்துக்களிலோ ஏறத்தாழ நான்கில் ஒன்று சிவப்பு, இரண்டு இளஞ்சிவப்பு, ஒன்று வெள்ளையாகும்.

ஆதலின் அரிய நிறமொன்றைப் பேண விரும்புவோர் வித்தை மட்டும் நம்புதல் போதாது. செடி வாடினும் மண்ணுள் உறங்கும் கிழங்கு மழையோடு துளிர்க்கும். பழைய நிறமும் உடன்வரும். வேலியைத் துப்புரவாக்கும் மண்வெட்டி அக்கிழங்கை வெட்டாதிருத்தல் வேண்டும்.