அழிக்காமல் விட்ட ஒரு கட்டம்

2017ஆம் ஆண்டு மே 12ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. லண்டனில் பார்ட்ஸ் ஹெல்த் நிர்வாகத்தின் கீழுள்ள மருத்துவமனைகளுக்கு வரவேண்டிய ஆம்புலன்ஸ்கள் வேறு இடங்களுக்குத் திருப்பி விடப்பட்டன. கணினிகளில் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது வான்னகிரை என்னும் வைரஸ். இங்கிலாந்து முழுவதும் ரத்தான மருத்துவச் சந்திப்புகள் 19,000க்கு மேல் இருக்கும் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. அந்த வைரஸ் உள்ளே நுழைந்த வழி, விண்டோஸ் கெர்னலில் நினைவகம் ஒதுக்கும் இடத்தில் இருந்த ஒரு சின்னக் கணக்குப் பிழை.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. சாதாரண நிரல் ஒன்று தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொட்டால், கெர்னல் அதை நிறுத்திவிடும். கெர்னலே அப்படிச் செய்தால் தட்டிக் கேட்க ஆளில்லை. அதனால்தான் அங்கே நேரும் வழுக்கள் ஆபத்தானவை.

நினைவகம் கேட்பது கல்யாணப் பந்திக்கு இலை போடுவதைப் போன்றது. எத்தனை பேர் என்று முதலில் எண்ணுகிறோம். அத்தனை இலை போடுகிறோம். பிறகு ஆட்களை உட்கார வைக்கிறோம். இலை போடுபவர் ஒரு கணக்கும், உட்கார வைப்பவர் வேறொரு கணக்கும் வைத்திருந்தால், மிஞ்சியவர்கள் பக்கத்துப் பந்தியில் போய் உட்கார்வார்கள்.

விண்டோஸில் நடந்ததும் இதுதான். கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் எஸ்.எம்.பி.யின் பழைய பதிப்பு, வெளியிலிருந்து வரும் ஒரு பட்டியலை வேறு வடிவத்துக்கு மாற்றும். பட்டியலில் செல்லாத பகுதி இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு, நீளத்தைக் குறைத்து எழுதும். நீளத்துக்கான இடம் 32 பிட். குறைத்து எழுதும்போதோ வலப்பக்க 16 பிட் மட்டுமே மாறியது.

இரண்டு கட்டங்களாக நினைத்துக் கொள்ளுங்கள். இடக் கட்டத்தில் 1 என்றால் அதன் மதிப்பு 65536. வந்த பட்டியலின் நீளம் 65536: இடப்பக்கம் 1, வலப்பக்கம் 0. குறைத்தபின் 65373 ஆக வேண்டும். வலப்பக்கம் 65373 எழுதப்பட்டது. இடப்பக்கத்து 1 அழியவில்லை. ஆக, குறைய வேண்டிய எண் 130909 ஆகக் கூடிவிட்டது. இடம் ஒதுக்கியது செல்லுபடியான பகுதிக்கு மட்டும். நகலெடுத்தது பெரிய எண்ணைப் பார்த்து. வழிந்தது பக்கத்து நினைவகத்தில் விழுந்தது. அங்கே என்ன இருக்க வேண்டும் என்பதைத் தாக்குபவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள முடிந்தது.

இந்த வழுவுக்கு மருந்து, 32 பிட்டையும் எழுத வைப்பது. மைக்ரோசாஃப்ட் அதை 2017 மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. தாக்குதலுக்கு 59 நாள் முன்பு. பாதிக்கப்பட்ட மருத்துவமனைக் கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 வைத்திருந்தவை. அவற்றுக்குத் திருத்தம் தயாராக இருந்தது, நிறுவப்படவில்லை.

கெர்னல் நிரல் எழுதுவோர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. ஒதுக்கும்போது பயன்படுத்திய அளவையே நகலெடுக்கும்போதும் எல்லையாக வைக்க வேண்டும். ஒரே அளவை இரண்டு இடத்தில் தனித்தனியாகக் கணக்கிட்டால், என்றாவது ஒருநாள் அவை ஒத்துப்போகாது. கணினி வைத்திருக்கும் மற்றவர்களுக்கு இன்னும் எளிய விதி: 'அப்டேட் செய்யவா?' என்று திரை கேட்கும்போது, 'பிறகு' என்பதை அழுத்தாதீர்கள்.