எந்தக் கீரையைச் சாப்பிடச் சொல்றே?

"கீரை சாப்பிடு, கீரை சாப்பிடுன்னு நீ சுலபமாச் சொல்லிட்டே புள்ள. எந்தக் கீரையச் சாப்பிடச் சொல்றே? போன வாரந்தான் எங்க காட்டுல மருந்தடிச்சாங்க."

என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு அக்கா இப்படிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அக்கா. ரத்தம் 8.2 என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்தது. பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாது. படித்த படிப்பில் இருந்து "இரும்புச்சத்துக்குக் கீரை" என்று நான் எடுத்துச் சொல்ல, அந்தக் கீரை களைக்கொல்லியில் கருகிக் கிடக்கும் இடத்தை அவர் காட்டிவிட்டார். உணவு ஆலோசனை என்று நான் செய்துவரும் வேலையை அன்றுதான் ஒழுங்காகக் கற்கத் தொடங்கினேன் என்று சொல்வேன்.

நான் சேரங்கோட்டில் லயத்தில் பிறந்தவள். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்தில் இருந்து அனுப்பப்பட்டவர்களில் என் தாத்தா பாட்டியும் உண்டு. தாயகம் திரும்பியவர்களுக்காகவே பந்தலூர், கூடலூர் பக்கம் அரசு தேயிலைத் தோட்டங்களை வளர்த்தது. இரண்டாவது பிரசவத்தில் எனக்கு ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. தினமும் மூன்று வேளை சாப்பிட்டவளுக்கு ஏன் ரத்தம் இல்லை என்ற கேள்விதான் என்னை இந்தப் பக்கம் தள்ளியது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் உணவு, ஊட்டச்சத்து சான்றிதழ் படிப்பை வீட்டில் இருந்தே முடித்தேன். 'டயட்டீசியன்' என்று போர்டு வைத்துக்கொள்ளவில்லை. அதற்குத் தனிப் படிப்பு உண்டு. 2021இல் வந்த சட்டமும் அவர்களை முறைப்படி பதிவு செய்யச் சொல்கிறது. நான் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆள் பார்ப்பேன். ஒருவருக்கு ஒரு மணி நேரம். பணம் கொடுப்பவர்கள் கொடுப்பார்கள், சிலர் நல்லமிளகு கொண்டுவருவார்கள். முதலில் எதுவும் சொல்ல மாட்டேன். "நேத்து காலைல எந்திரிச்சதுல இருந்து என்னென்ன வாயில போட்டீங்க?" என்று கேட்டு நோட்டில் எழுதுவேன். எங்கள் சனத்தின் கணக்கு பெரும்பாலும் ஒன்றுதான். விடியலில் சீனி போட்ட பிளேன்டீ. கோதுமை மாவில் தட்டிய கனமான ரொட்டி, தேங்காய்ச் சம்பல். திரும்பவும் தேத்தண்ணீர். மத்தியானம் ரேஷன் அரிசிச் சோறு, தண்ணியான பருப்பு. ராத்திரி மிச்சம்.

நம் மலையிலேயே இதை ஆராய்ந்த கதை ஒன்று உண்டு. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒரே அறையில் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோய் ஆய்வைத் தொடங்கினார். அது வளர்ந்து, 1958இல் ஹைதராபாத் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. மெக்கரிசன் எலிகளுக்குப் பல சனங்களின் சாப்பாட்டைப் போட்டுப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி தின்ற எலிகள் கொழுத்து வளர்ந்தன. வெள்ளை ரொட்டி, ஜாம், சீனி போட்ட தேத்தண்ணீர் என்று ஏழை ஆங்கிலேயரின் சாப்பாட்டைத் தின்றவை நோயில் விழுந்து ஒன்றையொன்று கடித்தன. தேயிலை மலையில் உட்கார்ந்துகொண்டு தேத்தண்ணீரைச் சோதித்திருக்கிறார் மனுசன்!

இயற்கை உழவர்கள் அவரைத் தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் இருக்கிறது. 1926இல் கோவை வேளாண் வேதியியலாளர் விஸ்வநாத்துடன் சேர்ந்து, மாட்டு எரு போட்ட நிலத்தில் விளைந்த சிறுதானியத்தையும் கோதுமையையும் ரசாயன உரத்தில் விளைந்ததோடு ஒப்பிட்டார். எருவில் விளைந்த தானியத்துக்கே சத்து அதிகம் என்று எழுதினார்கள். மண்ணைப் பார்க்காமல் தட்டை மட்டும் பார்த்து ஆலோசனை சொல்ல முடியாது என்பதை நூறு வருடத்துக்கு முன்பே நம் பக்கத்தில் பேசியிருக்கிறார்கள்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காவல் வேலை பார்க்கும் ஒரு மாமாவுக்குச் சர்க்கரை. மூன்று ரொட்டியை ஒன்றாக்கி, சீனியை நிறுத்தி, சாமைக் கஞ்சியும் மொச்சையும் சொன்னேன். ஒழுங்காகச் செய்தார். ஐந்தாம் நாள் பதினோரு மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து, நடைபாதையில் விழுந்துவிட்டார். கூட இருந்தவர்கள் சீனித் தண்ணீர் கொடுத்ததால் பிழைத்தார். சாப்பாடு குறைந்தது, மாத்திரை அதே அளவில் போய்க்கொண்டிருந்தது. ரத்தத்தில் சர்க்கரை மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. "மாத்திரை அட்டையை நீ பாத்தியாம்மா?" என்று டாக்டர் கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. மாமா என்மேல் கோபப்படவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்றிலிருந்து நோட்டின் முதல் பக்கம் மாத்திரைக்கு. சர்க்கரை மாத்திரையோ ஊசியோ போடுகிறவர் என்றால், சாப்பாட்டை மாற்றும் முன்பு டாக்டரிடம் போகச் சொல்வேன். மாத்திரையை நிறுத்து என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். கிட்னி கெட்டவர்களுக்கு முருங்கைச் சாறு, இளநீர் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அதில் உள்ள பொட்டாசியம் அவர்களின் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். ரத்தம் குறைந்தவர் எல்லோருக்கும் இரும்புச்சத்துதான் குறை என்றும் நினைக்கக் கூடாது. எங்கள் பக்கத்துப் பணியர், குறும்பர் மக்களிடம் சிக்கில் செல் என்ற பரம்பரை ரத்த நோய் இருக்கிறது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் அதற்குப் பல வருடமாகச் சிகிச்சை தருகிறார்கள். சோதனை செய்யாமல் இரும்பு டானிக்கை நீட்டுவது தவறு.

சரி, அந்த அக்காவின் கேள்விக்கு வருகிறேன்.

முதலில் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்பவர்களுக்குக் கொக்கிப்புழு பாதம் வழியாக ஏறி, குடலில் ஒட்டி ரத்தத்தை உறிஞ்சும். பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், இரும்பு மாத்திரையும் கொடுத்தார்கள். அடுத்தது தேத்தண்ணீர். தேயிலையின் துவர்ப்பு, சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பு எடுக்கவிடாது. "குடிக்காதேன்னு சொல்லல அக்கா, சோறு தின்னு ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க" என்றேன். "தேயிலக்காரிக்கே தேத்தண்ணியில தடையா?" என்று சிரித்தார். சோற்றோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். புளிப்பு இரும்பை உள்ளே இழுத்துக்கொடுக்கும்.

கீரைக்கு ஒரு பணியர் பாட்டியிடம் போனோம். படிப்பில் இல்லாத பாடம் அவரிடம் இருந்தது. தோட்டத்துக்கு மேலே, மருந்துத் தண்ணீர் வழியாத ஓடைக்கரையில் எது கிடைக்கும் என்று நடந்து காட்டினார். வல்லாரை, தகரைக் கொழுந்து, சேம்பு இலை. கீழ் ஓடையில் முன்பு நண்டு பிடிப்பார்களாம். "இப்ப மருந்து எறங்குது, நண்டு இல்ல" என்றார். லயத்துக்குப் பின்னால் அரிசிச் சாக்கில் காட்டு மண்ணும் சாணமும் அடுப்புச் சாம்பலும் போட்டோம். தண்டுக்கீரை ஆனி மழையில் அழுகிவிட்டது. கொடிப்பசலை நின்றது. சேம்பு யாரும் கேட்காமலே வளர்ந்தது. புளி விட்டு நன்றாக வேகவைக்காவிட்டால் தொண்டை அரிக்கும்.

பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து சூப்பர்வைசரிடம், மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள், லயத்தை ஒட்டிப் பத்தடி விட்டு அடியுங்கள் என்று கேட்டார்கள். இரண்டு முறை சொல்லி அடித்தார்கள். மூன்றாம் முறை சொல்லவில்லை. மறுபடி போய்க் கேட்டிருக்கிறோம்.

நான்கு மாதம் கழித்து அக்கா சீட்டைக் கொண்டுவந்தார். 9.8. "பன்னெண்டுக்கு இன்னும் எத்தன சாக்கு வைக்கணும்?" என்றார். இந்த ஞாயிறு பசலை விதை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.