சிவப்புப் பொத்தானும் ஒரு கம்பித் துண்டும்

மாரி காலத்தின் ஓர் அதிகாலை. கிழக்கு இலண்டனில், அறுவர் பங்கிட்டு வாடகைக்கு இருந்த வீடொன்றில், குளிர்நீர்க் குழாயைத் திறந்த எனது கையில் சூடான நீர் விழுந்தது. முதற் கணத்தில் மகிழ்ச்சியே ஏற்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த கணம், தலைக்கு மேலே கூரைக்குள் உலை கொதிப்பது போன்ற ஓசை கேட்டது.

அதற்கு முந்திய இரு வாரங்களாக எமது வெந்நீர்ச் சிலிண்டர் அடிக்கடி நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்காரருக்கு அறிவிக்க அஞ்சினோம். ஒப்பந்தத்தில் நால்வரின் பெயர்களே இருந்தன. எம்மோடு இருந்த நண்பர் ஒருவர் ஊரில் வானொலி, தொலைக்காட்சி திருத்தியவர், கைராசிக்காரர். சிலிண்டரின் மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு சிவப்புப் பொத்தான் வெளியே தள்ளி நின்றது. அழுத்தினார், வெந்நீர் வந்தது. சில நாட்களில் மீண்டும் நின்றது, மீண்டும் அழுத்தினார். மூன்றாம் முறை மீற்றரை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணை, தேர்மோஸ்ரற்றிலை பிழை இல்லை, கறண்ட் போகுது. இந்தப் பொத்தான்தான் கரைச்சல் குடுக்குது" என்று சொல்லி, ஒரு கம்பித் துண்டினால் அதன் இரு முனைகளையும் இணைத்துவிட்டார். நான் அருகில் நின்று ரோர்ச் விளக்குப் பிடித்தேன். ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்தில் வெப்பவியல் கற்பித்தவன் நான்.

தேர்மோஸ்ரற் என்பது என்ன? வெந்நீருக்குள் மூழ்கியிருக்கும் ஒரு பித்தளைக் குழாய். அதனுள்ளே இன்வார் என்னும் உலோகக் கோல். நிக்கலும் இரும்பும் சேர்ந்த இக்கலப்புலோகம் சூட்டில் ஏறக்குறைய விரிவதே இல்லை. 1896இல் இதனைக் கண்டறிந்த சார்ல்ஸ் எட்வார்ட் கில்லோம் 1920இல் பௌதிகத்திற்கான நோபல் பரிசு பெற்றார். பித்தளை விரிய, கோல் விரியாது நிற்க, அந்த நூலளவு வேறுபாடு ஓர் ஆளியைத் திறந்து மின்னைத் துண்டிக்கிறது. நீர் ஆறியதும் ஆளி மீண்டும் மூடிக்கொள்ளும்.

அழகிய ஏற்பாடுதான். ஆயினும் 3 கிலோவாற்று வெப்பமூலம் 230 வோல்ற்றில் 13 அம்பியர் மின்னை இழுக்கிறது. நாள்தோறும் பலமுறை திறந்து மூடும் தொடுமுனைகளில் பொறி பறந்து, என்றோ ஒரு நாள் அவை ஒன்றோடொன்று ஒட்டிப்போகலாம். இலண்டன் நீரின் சுண்ணாம்பு படிந்து தேர்மோஸ்ரற் சூட்டைப் பிந்தி உணரவும் கூடும். இதற்காகவே அதனோடு தொடராக, அதனைச் சாராத இன்னொரு துண்டிப்பான் வைக்கப்படுகிறது. 60 பாகையில் நிற்கவேண்டிய நீர் 80ஐத் தாண்டி ஏறினால் அது மின்னை வெட்டும். தானாக மீளாது, மனிதர் ஒருவர் வந்து சிவப்புப் பொத்தானை அழுத்தவேண்டும். ஏன் வெட்டியது என்று அம்மனிதர் கேட்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். நாம் கேட்கவில்லை. ஆறிய நீரில் நல்ல தேர்மோஸ்ரற்றும் மூடியிருக்கும், ஒட்டிப்போனதும் மூடியிருக்கும் என்பதும், மீற்றர் இரண்டுக்கும் ஒரே விடையைத்தான் சொல்லும் என்பதும் எனக்கு அன்று தோன்றவில்லை.

கூரைக்குள் நீர்த்தாங்கி வைத்த பழைய வீடுகளில், கொதித்த நீர் காற்றுப்போக்குக் குழாய் வழியே மேலேறி அத்தாங்கிக்குள் கொட்டும். தாங்கி பிளாஸ்ரிக் என்றால் சூட்டில் இளகும். 2002 நவம்பரில், சோமர்செற் மாவட்டத்தின் ரோன்ரன் நகரில், இவ்வாறு இளகிய தாங்கி உடைந்து, கீழே படுக்கையறையில் உறங்கிய பத்து மாதக் குழந்தையின் மேல் கொதிநீர் கொட்டியது. குழந்தை இறந்தது. தேர்மோஸ்ரற் ஒன்று பழுதானதே காரணம். 2004இலிருந்து புதிதாகச் செய்யப்படும் இவ்வகை வெப்பமூலங்களுக்குத் தனித் துண்டிப்பான் வேண்டும் என்றாயிற்று. தேக்கிய நீர் எக்காலத்தும் 100 பாகையைத் தாண்டலாகாது என 2010இல் இங்கிலாந்தின் கட்டட விதிகளும் கூறின. அதற்கு முந்திய சிலிண்டர்கள் இன்னும் பல வீடுகளில் உள்ளன. வாடகை வீடுகளில் அவற்றைக் காண்பது அரிதன்று.

சூட்டைக் குறைத்து வைத்தால் என்ன என்று கேட்பார்கள். 20 முதல் 45 பாகை வரையான நீரில் லெஜியனெல்லா என்னும் நுரையீரல் நோய்க் கிருமி பெருகும். அதனால்தான் 60 பாகை. அச்சூடு சில விநாடிகளில் தோலை அவிக்கும். ஆதலால் குளியற் குழாயில் கலப்பு வால்வு பொருத்துவர்.

இப்பொழுது எம் பிள்ளைகள் சிலிண்டரில் மின்னணு உணரி ஒட்டி, கைத்தொலைபேசியில் சூட்டைப் பார்க்கிறார்கள். பார்ப்பதில் தவறில்லை. செப்புச் சுவரோடு நன்றாகப் பொருந்த, காப்புறைக்கு அடியில் கட்டவேண்டும். உணரியின் மெல்லிய கம்பிகளை வீட்டு மின் கம்பிகளோடு சேர்த்து ஓடவிடலாகாது. ஆனால் அவ்வுணரியையே காவலாளியாக்கி, பழைய தேர்மோஸ்ரற்றையும் துண்டிப்பானையும் கழற்றிவிடும் துணிச்சலைச் சில வீடுகளில் கண்டேன். உணரி சுவரிலிருந்து நழுவினால் என்ன நடக்கும்? அது அறைக் காற்றின் சூட்டைச் சொல்லும். நீர் குளிர்ந்திருப்பதாகக் கருவி எண்ணி ஓயாமல் சூடாக்கும். எத்தனை உணரிகளையும் வைக்கலாம். மின் செல்லும் வழியில் அந்த இரண்டும் தொடராக நின்றே ஆகவேண்டும்.

அன்று காலை, சுவரிலிருந்த ஆளியை நிறுத்திவிட்டு, மேல்மாடியில் உறங்கிய மூவரையும் எழுப்பிக் கீழே கொண்டுவந்தோம். தாங்கி உடையவில்லை. வீட்டுக்காரருக்கு அறிவித்தோம், அவர் ஆள் எண்ணிக்கையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. 2020ஆம் ஆண்டின் விதிகளின்படி இன்று இங்கிலாந்தில் வாடகை வீட்டின் மின்னிணைப்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் சோதிப்பித்து, அறிக்கையின் பிரதியைக் குடியிருப்போரிடம் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை. கேட்டு வாங்கலாம்.

வந்த மின்வினைஞர் தேர்மோஸ்ரற்றைப் பிரித்து, ஒட்டிப்போயிருந்த தொடுமுனைகளைக் காட்டினார். நண்பர் அதை வாங்கி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பித் துண்டை மின்வினைஞர் எதுவும் சொல்லாமல் என் உள்ளங்கையில் வைத்தார்.