உங்களுக்குத் தெரியுமா? முலுண்ட் குன்றுகளுக்குப் பின்னே ஒரு புராதன நகரம்

முலுண்டின் மேற்கெல்லையாக நிற்கும் வனம் அடர்ந்த குன்றுகளுக்கு அப்பால், பம்பாய் மாநகர எல்லைக்கு உள்ளேயே, நூற்றுக்கும் மேற்பட்ட குகைகளைக் குடைந்து பௌத்த பிக்ஷுக்கள் அமைத்த கன்ஹேரி என்னும் துறவியர் நகரம், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஜீவனுடன் விளங்கியது!

• பக்கத்தில் பெருநதி கிடையாது. பாறையில் வெட்டிய வாய்க்கால்களின் வழியே ஓடிவந்த மழைநீர், குகை வாசல்களின் அருகே குடைந்த தொட்டிகளில் சேர்ந்தது. நான்கு மாத மழையைச் சேமித்து எட்டு மாத வறட்சியைக் கடந்த அவர்களுடைய சாமர்த்தியம், மே மாதம் பிறந்ததும் தண்ணீர் வெட்டு அறிவிப்புக்காகப் பத்திரிகையைப் புரட்டும் நாம் சற்றே பொறாமைப்படத் தக்கது.

• செலவுக்குப் பொருள் தந்தவர்களில் கல்யாண், சோபாரா துறைமுகங்களின் வணிகர்களும் உண்டு. கல்வெட்டுகளே சாட்சி.

• 9-ஆம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்திலும், இங்கே தானங்கள் வந்தன. அதே நூற்றாண்டில், இதைப்போலவே மழைநீர்த் தேக்கங்களை நம்பி வாழ்ந்த, மத்திய அமெரிக்க மாயர்களின் திக்கால் மாநகரம், 869-இல் தேதி பொறித்த தன் கடைசிக் கல்தூணை நாட்டிவிட்டு அஸ்தமித்தது.

• 1009-லும் 1021-லும் இங்கு வந்த பார்ஸிகள், 90-ஆம் குகையில் தம் பெயர்களைப் பஹ்லவி லிபியில் பொறித்துச் சென்றனர். சுவரில் பெயர் கிறுக்கும் பழக்கம் நேற்று வந்ததன்று போலும்!