மைதானம் வருகிறது, மாடி கட்டலாமா?

மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வைகைக் கரையைப் பார்த்து இரண்டு தெரு நடந்தால் ஒரு சிறிய மெஸ் வரும். கீழே சாப்பாட்டுக் கடை. மேலே ஆறு அறைகள் கொண்ட லாட்ஜ். நடத்துகிற அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கணவர் காலமான பிறகு அடுப்பையும் கல்லாவையும் ஒரே ஆளாகக் கவனித்து, மகனைப் படிக்க வைத்து, மகள் கல்யாணத்துக்கென்று முப்பது பவுனும் சேர்த்து வைத்திருக்கிறார்.

அந்த முப்பது பவுனுக்குத்தான் இப்போது சோதனை வந்திருக்கிறது.

"ஏம்மா, நீ பத்திரிகையில இருக்கிறவ. நாலு எடம் போய் வர்றவ. மதுரையில பெரிய பெரிய ஸ்டேடியமா வருதாமே? நகையைப் பாங்கில வச்சு மேல இன்னும் எட்டு ரூம் போட்டுருவோம், மேட்ச் பார்க்க வர்ற கூட்டம் நம்மகிட்டதான் தங்கும்னு என் மகன் ஒத்தக் கால்ல நிக்கிறான். போடலாமா, வேண்டாமா? நீயே சொல்லு" என்று, என் இலையில் இரண்டாவது தோசையை வைத்துக்கொண்டே கேட்டார்.

தோசையைச் சாப்பிட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் எழுந்திருப்பது தர்மமல்ல. யோசிக்காமல் பதில் சொல்வதும் தர்மமல்ல. "நாளைக்கு வந்து சொல்கிறேன், அம்மா" என்று ஒரு நாள் தவணை வாங்கிக்கொண்டேன்.

மகன் கட்சி

மகன் ஆகாயத்தில் கோட்டை கட்டுகிறவர் அல்ல. அவர் சொன்னதெல்லாம் கண்ணால் பார்க்கக்கூடிய விஷயங்கள்.

அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில், சுமார் 44 கோடி ரூபாய் செலவில், 5,000 பேர் உட்கார்ந்து பார்க்கும்படியான ஜல்லிக்கட்டு அரங்கம் 2024 ஜனவரி 24 அன்று திறக்கப்பட்டது. சிந்தாமணிப் பக்கம் வேலம்மாள் கிரிக்கெட் மைதானத்தை 2025 அக்டோபர் 9 அன்று தோனி வந்து திறந்து வைத்தார். அதில் முதற்கட்டமாகச் சுமார் 7,300 இருக்கைகள். பின்னால் 20,000 வரை பெருக்குவது திட்டம். அதே ஆண்டு நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 தேசத்து அணிகள் கலந்துகொண்ட அந்தப் போட்டியின் ஒரு பகுதி நம் ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் நடந்தது.

"தேனி, திண்டுக்கல், கோயம்புத்தூர் பஸ்ஸெல்லாம் நம்ம ஆரப்பாளையத்தில்தானே நிற்கிறது? ஜனங்கள் இறங்குகிற இடத்தில் ரூம் இருந்தால் விடுவார்களா?" என்பது மகனின் வாதம். கேட்கும்போது சரியாகத்தான் இருக்கிறது.

சூதாட்ட ஊரின் கணக்கு

இதே கேள்வியை நம்மைவிடப் பெரிய முதலாளிகள் போட்டுப் பார்த்த ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவில் நெவாடா பாலைவனத்தில் இருக்கும் லாஸ் வேகாஸ். அங்கே ஹோட்டல் என்றால் சாதாரண ஹோட்டல் அல்ல, காசினோ ஹோட்டல். நம் தமிழ்நாட்டில் சூதாட்டக்கூடம் நடத்துவது சட்ட விரோதம். இந்தியாவில் கோவா, சிக்கிம் போன்ற ஓரிரு இடங்களில்தான் காசினோவுக்கு அனுமதி. அந்த ஊரிலோ அதுதான் பிரதானத் தொழில். மாடியில் அறை, கீழே சூதாட்டம். அறை வெறும் தூண்டில். மீன் கீழ்த்தளத்தில் அகப்படும்.

அந்த ஊரில் 65,000 பேர் உட்காரக்கூடிய அமெரிக்கக் கால்பந்து மைதானம் ஒன்று கட்ட யோசனை எழுந்தது. 2016-இல் நெவாடா சட்டசபை 75 கோடி டாலர் பொதுப் பணம் தரச் சம்மதித்தது. அந்தப் பணம் எங்கிருந்து? ஹோட்டல் அறை வரியிலிருந்து! அறை வாடகை நூறு டாலர் என்றால் கூடுதலாக 88 சென்ட். உள்ளூர்க்காரன் தலையில் கை வைக்காமல், வந்து தங்குகிறவன் தலையில் வைத்தார்கள்.

அதில் ஒரு வேடிக்கை. காசினோ உலகின் பெருந்தனக்காரரான ஷெல்டன் அடெல்சன் தம் குடும்பத்தின் சார்பில் 65 கோடி டாலர் போடுவதாக இருந்தார். 2017 ஜனவரியில் விலகிக்கொண்டார். ஆனாலும் மைதானம் எழும்பியது, 2020-இல் தயாரானது. அந்த வருஷம்தான் கொரோனா வந்தது. மைதானத்தில் விளையாட்டு நடந்தது, ரசிகர்கள் இல்லை. ஹோட்டல்களில் ஆளில்லை. ஆள் இல்லாத அறைக்கு வரி ஏது? மைதானக் கடனுக்குத் தவணை கட்டக் கையிருப்பில் கை வைக்க வேண்டி வந்தது.

பிறகு நல்ல காலமும் வந்தது. பந்தய நாட்களில் எதிரேயுள்ள காசினோ ஹோட்டல்களிலிருந்து பாலத்தின் வழியாக ஜனங்கள் சாரிசாரியாக மைதானத்துக்கு நடக்கிறார்கள். அவர்களுக்காக அந்தப் பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிகப் பெரிய கால்பந்துப் போட்டியான 'சூப்பர் பௌல்' அங்கேதான் நடந்தது.

ஆனால் இன்னொரு மைதானத்தின் கதையையும் கேளுங்கள். 1957-இல் திறந்த டிராபிகானா என்ற புகழ்பெற்ற காசினோ ஹோட்டலை, ஒரு பேஸ்பால் மைதானத்துக்காக 2024 ஏப்ரலில் மூடினார்கள்; அக்டோபரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் 2028-இல் மைதானம் திறப்பதாக ஏற்பாடு. மைதானம் வந்தால் ஹோட்டல் பிழைக்கும் என்பார்கள். இங்கே மைதானம் வருவதற்காக ஒரு ஹோட்டல் உயிரையே விட்டுவிட்டது!

வருஷத்துக்கு எத்தனை நாள்?

இந்தக் கதையில் நமக்கு வேண்டியது ஒரே ஒரு கணக்கு. மேலே சொன்ன கால்பந்து அணி சொந்த ஊரில் ஆடுவது வருஷத்துக்குச் சுமார் பத்து நாள். சங்கீதக் கச்சேரிகளும் மற்ற விழாக்களும் இன்னும் சில நாட்களை நிரப்பலாம். பேஸ்பால் என்றால் 81 நாள். அப்போதும் ஆண்டில் பெரும்பகுதி மைதானம் காலி. ஆனால் லாஸ் வேகாஸ் ஹோட்டல்கள் மைதானத்தை நம்பிப் பிறந்தவை அல்ல. சூதாட, கூத்துப் பார்க்க, மாநாடு நடத்த என்று ஏற்கெனவே நிறைந்திருந்த ஊருக்கு மைதானம் பிறகு வந்தது. அது பாயசத்தில் முந்திரி; பாயசமே அல்ல.

மதுரையும் ஒரு விதத்தில் அப்படித்தான். சித்திரைத் திருவிழாவுக்கு, அழகர் ஆற்றில் இறங்கும்போது, லட்சக்கணக்கான ஜனங்கள் வைகைக் கரையில் கூடுகிறார்கள். அன்று இந்த ஊரில் திண்ணைகூடக் கிடைக்காது. இருந்தும் சித்திரைத் திருவிழாவை மட்டும் நம்பி லாட்ஜ் கட்டினவர் யாராவது உண்டா?

இன்னொன்று, பார்க்க வருவது வேறு, தங்குவது வேறு. ஜல்லிக்கட்டு காலையில் ஆரம்பித்து மாலையில் முடிகிறது. பார்த்தவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். காளைக்கு லாட்ஜில் அறை கிடையாது. காளையை விட்டு அதன் சொந்தக்காரர் நகரவும் மாட்டார். அலங்காநல்லூர்க்காரர்களும் தை மாதத்து ஜல்லிக்கட்டைப் பழைய வாடிவாசலிலேயே நடத்துகிறார்களே தவிர, அரங்கத்துக்கு விட்டுக்கொடுக்கவில்லை. உலகக் கோப்பை அணிகள் போன்றவை தங்குவது நட்சத்திர ஹோட்டல்களில். மெஸ் மாடியில் அல்ல. சிந்தாமணி மைதானமோ ஊரின் மறுகோடி. ராத்திரி ஆட்டம் முடியும்போது தேனிக்குக் கடைசி பஸ் கிடைத்தால் அறை வேண்டியதில்லை, கிடைக்காவிட்டால்தான் வேண்டும். ஆக, ஆரப்பாளையத்து லாட்ஜுக்குக் கிரிக்கெட்காரரைவிடப் பஸ் டிரைவர்தான் முக்கியம்!

ஆட்ட நாளன்று வாடகையை ஏற்றினால் என்ன என்றும் மகன் கேட்டார். ஏற்றலாம். ஆனால் மாதம் தவறாமல் வருகிற பழைய வாடிக்கைக்காரர் அன்று அறை கிடைக்காமல் வேறிடம் போவார். போனவர் திரும்பி வருவாரா? மைதானங்களால் ஊருக்கு வரும் லாபத்தை ஆராய்ந்த பொருளாதார நிபுணர்களில் பெரும்பாலோர் சொல்வதும் இதுதான்: புதிதாக வந்த காசு என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி, வேறு பையிலிருந்து இந்தப் பைக்கு மாறிய காசு.

ரிஜிஸ்தர் சொன்ன பதில்

மறுநாள் இதையெல்லாம் அம்மாளிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கல்லாவுக்கு அடியிலிருந்து லாட்ஜ் ரிஜிஸ்தரை எடுத்து மகன் முன்னால் வைத்தார். அதில் 'வந்த காரியம்' என்று ஒரு கட்டம் உண்டு.

"படிடா."

மகன் பக்கம் பக்கமாகப் படித்தார். கண் ஆஸ்பத்திரி. பெரியாஸ்பத்திரி. ஹைகோர்ட் கேஸ். கல்யாணம். ஜவுளிக் கொள்முதல். கண் ஆஸ்பத்திரி. கோயில். பரீட்சை. மறுபடியும் ஆஸ்பத்திரி. விளையாட்டுப் பார்க்க வந்தவர் யாரோ ஒருவர் இருவர் எங்கோ ஒரு பக்கத்தில் தலைகாட்டினார்கள்.

வீட்டில் தொழில் செய்யும் பெண்மணிகள் யாராக இருந்தாலும், ஊரில் 'பெரிசாக ஒன்று வருகிறது' என்று கேள்விப்பட்டதும் செய்ய வேண்டிய காரியம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. வரப்போகிறவரை எண்ணுவதற்கு முன்னால், வந்துகொண்டிருப்பவரை எண்ணிப் பார்ப்பது.

அம்மாள் தீர்ப்புச் சொன்னார். எட்டு அறை வேண்டாம். நகை பீரோவிலேயே இருக்கட்டும். சீட்டுப் பணம் வந்ததும் கீழேயே, மெஸ்ஸுக்குப் பின்னால், இரண்டே அறை. கண் ஆபரேஷன் ஆனவர்கள் மாடிப்படி ஏறச் சிரமப்படுகிறார்களாம்.

மகனுக்கு மனசு ஆறவில்லை. "அப்ப மேட்ச் நடக்கிற அன்னைக்கு வர்ற கூட்டத்தை அப்படியே விட்டுர்றதா?" என்றார்.

"ஏன் விடணும்? அன்னைக்கு இட்லி இன்னும் பத்து ஈடு ஊத்துறேன். அதுக்கு நகையை ஈடு வைக்க வேண்டியதில்லையே!" என்று சொல்லிவிட்டு, அம்மாள் சட்னி அரைக்கப் போய்விட்டார்.