சமூக மருத்துவக் காப்பீட்டில் பங்களிப்பு வீதக் கணிப்பு: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில்

மருத்துவக் காப்பீட்டுக்கு ஒருவர் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைப் பழைய பதிவுகளைக் கொண்டு மதிப்பிடும் துறை காப்பீட்டுக் கணிப்பியல் ஆகும். ஒரு தொழிலாளி எப்போது நோயுறுவார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பத்தாயிரம் தொழிலாளர்களில் ஓராண்டில் ஏறத்தாழ எத்தனை பேர் மருத்துவமனையில் சேர்வார்கள் என்பதைக் கணித்துவிடலாம், பதிவுகள் முழுமையாக இருந்தால். திருப்பூர் பனியன் தொழிலில் சிக்கல் தொடங்குவது இந்தப் பதிவுகளில்தான்.

கணக்கின் அடிப்படை எளியது. 1,000 பேரில் 60 பேர் ஓராண்டில் உள்நோயாளிகளாகச் சேர்கிறார்கள், ஒருவருக்குச் சராசரியாக ரூ. 25,000 செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், மொத்தச் செலவு ரூ. 15 லட்சம், தலைக்கு ரூ. 1,500. இதனுடன் நிர்வாகச் செலவும், கணிப்பு தவறினால் ஈடுகட்டச் சிறிது கூடுதல் தொகையும் சேரும். குழு சிறிதானால் கணிப்பு தவறும் வாய்ப்பு அதிகம். 40 பேர் வேலை செய்யும் கம்பெனியில் ஒரே ஒரு இதய அறுவை சிகிச்சை அந்த ஆண்டின் கணக்கையே புரட்டிவிடும்.

தனியார் காப்பீட்டில் வயதும் நோயும் கூடினால் பிரீமியமும் கூடும். தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம் (இ.எஸ்.ஐ.) அப்படி அன்று. பேராசிரியர் பி. பி. அதார்கர் 1944இல் அளித்த அறிக்கை இதற்கு அடித்தளம். அவர் எடுத்துக்கொண்ட தொழில்களில் துணித் தொழிலும் ஒன்று. 1948இல் சட்டம் இயற்றப்பட்டு, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கியது. 2019 ஜூலை 1 முதல் ஊதியத்தில் தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு, நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு. மாதம் ரூ. 12,000 பெறும் செக்கிங் தொழிலாளிக்கு ரூ. 90 பிடிக்கப்படும், நிறுவனம் ரூ. 390 கட்டும். ரூ. 20,000 பெறும் கட்டிங் மாஸ்டருக்கு இவை ரூ. 150, ரூ. 650. இருவருக்கும் கிடைக்கும் சிகிச்சை ஒன்றே.

வேலையின் ஆபத்தும் இந்த வீதத்தில் பார்க்கப்படுவதில்லை. சாயப்பட்டறையில் இரசாயனமும் நீராவியும், நிட்டிங்கில் பஞ்சுத் தூசியும், கட்டிங் இயந்திரத்தில் விரல் காயமும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே விழுக்காடுதான். ஜெர்மனியில் நோய்க் காப்பீட்டுக்கு ஊதிய விழுக்காடு என்றாலும், தொழில் விபத்துக் காப்பீட்டுக்கு ஆபத்து வகுப்பைப் பொறுத்து வீதம் மாறும். ஒரே வீதம் தொழிலாளிக்கு நியாயமானது. பாதுகாப்பில் அலட்சியமாக இருக்கும் முதலாளிக்கும் அது வசதியாகவே அமைந்துவிடுகிறது.

2019க்கு முன் மொத்த வீதம் 6.5 விழுக்காடாக இருந்தது. கழகத்தின் கையிருப்பு பெருகியிருந்த நிலையில் அது 4 விழுக்காடாகக் குறைந்தது. வரவு செலவை மிஞ்சினால் வீதம் அதிகம் என்பது கணிப்பியலின் வழக்கமான முடிவு. ஆனால் செலவு குறைவதற்கு நோய் குறைவதுதான் காரணம் என்றில்லை. ஷிப்ட் கணக்கில் சம்பளம் வாங்குபவர் மருத்துவரைப் பார்க்க ஒரு ஷிப்டை இழக்க வேண்டும். திருப்பூரில் 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டதே 2019 பிப்ரவரி 10 அன்றுதான். அதுவரை அருகிலிருந்தது கோயம்புத்தூர் சிங்காநல்லூர் மருத்துவமனை. பயன்படுத்த முடியாத வசதியும் கணக்கில் உபரியாகவே தெரியும்.

நோய்க்கால உதவித்தொகை பெற, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குப் பங்களிப்பு கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆர்டர் குறையும்போது கம்பெனி மாறுபவர்களும், ஒடிசாவுக்கோ பீகாருக்கோ ஊர் திரும்பி வருபவர்களும் இந்த எண்ணிக்கையை எளிதில் தவறவிடுகிறார்கள். 10 பேருக்குக் குறைவான ஜாப் ஒர்க் கூடங்கள் பொதுவாகத் திட்டத்துக்கு வெளியே உள்ளன. ஒப்பந்தக்காரர் வழியாக வருபவர்களுக்குச் சட்டம் பொருந்தினாலும், பெயர் பட்டியலில் ஏறினால்தான் பயன்.

வெளியே இருப்பவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அதில் குடும்பத்துக்கு இவ்வளவு என்ற சம அளவு பிரீமியத்தை மாநில அரசே கட்டுகிறது. வருமான வரம்பு ஆண்டுக்கு ரூ. 1,20,000. மாதம் ரூ. 12,000 ஈட்டுபவரின் ஆண்டு வருமானம் ரூ. 1,44,000. பட்டியலில் பெயர் இல்லாததால் இ.எஸ்.ஐ.யும் இல்லை, வரம்பைத் தாண்டியதால் இதுவும் இல்லை. அவர் சிகிச்சைக்குக் கைக்காசு செலவிடும் தொகை இரு திட்டங்களின் பதிவுகளிலும் ஏறுவதில்லை.