பற்றரியை மாற்றுமுன் மின்னேறுகின்றதா எனச் சோதித்தறிதல்

சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலே, தேயிலை, இறப்பர்த் தோட்டங்களையடுத்த பள்ளங்களில் நெல்லும் மேட்டுத் துண்டுகளில் மரக்கறியும் பயிரிடப்படுகின்றன. இப்பகுதிக் கமக்காரர் உழவுக்கு உழவு இயந்திரத்தையும், விளைபொருளைச் சந்தை சேர்ப்பதற்குச் சிறு லொறியையும் நம்பியுள்ளனர். விடியுமுன் புறப்படவேண்டிய லொறி இயங்க மறுக்குமாயின், முதல்நாள் மாலை பறித்த போஞ்சியும் கத்தரியும் மூட்டையிலேயே வாடும். 2020 மார்ச்சு முதல் வாகன இறக்குமதி பல ஆண்டுகள் தடைப்பட்டிருந்தமையால், பழைய வாகனங்களைப் பேணியே வேலைகொள்ள வேண்டியதாயிற்று.

இயந்திரம் தொடங்காதவிடத்துப் பற்றரி பழுதென முடிவுகட்டிப் புதியதொன்றை வாங்குதல் பொதுவழக்கு. மின்னேற்றும் பகுதியில் குறையிருப்பின் புதிய பற்றரியும் சில நாளில் வலுவிழந்துவிடும். பணம் இருமுறை செலவாகும். ஆதலின் முதலிற் சோதனை செய்தல் வேண்டும். இதற்கு விலை குறைந்த வோல்ற்றுமானி ஒன்று போதும்.

அல்டர்னேற்றர் என்பது இயந்திரத்தின் சுழற்சியை வார்ப்பட்டி வாயிலாகப் பெற்று ஆடலோட்டத்தைப் பிறப்பிக்கும் கருவி. அதனுள்ளிருக்கும் இருவாயிகள் அவ்வோட்டத்தை நேரோட்டமாக்குகின்றன; சீராக்கி வோல்ற்றளவை அளவுக்குள் நிறுத்துகின்றது. பழைய உழவு இயந்திரங்களில் இதனிடத்தில் டைனமோ இருக்கும். அது மெதுவாகச் சுழலும்போது மின்னைப் போதிய அளவு தராது.

இரவு முழுவதும் ஓய்ந்திருந்த 12 வோல்ற்றுப் பற்றரியைக் காலையில் விளக்கெதுவும் எரியாத நிலையில் அளக்க. 12.6 வோல்ற்று அல்லது மேற்பட்டிருப்பின் நிறைந்துள்ளது; 12.2 ஆயின் ஏறத்தாழப் பாதி. 12 இற்குக் குறைந்தால் வெறுமையை அண்மியது. பின்னர் இயந்திரத்தைத் தொடக்கி நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு மீண்டும் அளக்க. அல்டர்னேற்றர் பூட்டிய வாகனத்தில் 13.8 முதல் 14.5 வரை காட்டுதல் வேண்டும். ஓய்விலிருந்த அளவிலேயே நிற்குமாயின் மின் ஏறவில்லை. 15 இற்கு மேற்சென்றால் சீராக்கி பழுது. அத்தகைய வாகனத்தில் பற்றரி நீர் விரைவில் வற்றும், மின்குமிழ்களும் அடிக்கடி எரிந்துபோம். முன்விளக்கையும் மழைத்துடைப்பானையும் சேர்த்து இயக்கும்போது அளவு 13 இற்குக் கீழிறங்குமாயின் அல்டர்னேற்றர் சுமையைத் தாங்கவில்லை எனக் கொள்க. மழைமிக்க இப்பகுதியில் இச்சோதனையைத் தவிர்த்தலாகாது.

மின் ஏறாதபோது அல்டர்னேற்றரைக் கழற்றுமுன் வார்ப்பட்டியைப் பார்க்க. சேற்றுழவின்பின் பட்டி நனைந்தும் பளபளத்தும் வழுக்கும். காலையிற் கிறீச்சிடும் ஒலி அதன் அறிகுறி. பெருவிரலால் நடுவில் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் பதிதல் போதும். மிகையாக இறுக்கினால் தாங்கியுருளை தேயும்.

அடுத்து எச்சரிக்கை விளக்கு. திறப்பைத் திருப்பியவுடன் எரிந்து, இயந்திரம் தொடங்கியதும் அது அணைதல் வேண்டும். தொடக்கத்திலேயே எரியாவிடின் குமிழோ கம்பியோ அறுந்திருக்கலாம். சில அல்டர்னேற்றர்களுக்கு அவ்விளக்கின் வழியே தொடக்க மின் செல்வதால், மலிவான குமிழொன்றின் பழுதே மின்னேறாமைக்குக் காரணமாதலும் உண்டு.

பற்றரி முனைகளிற் படியும் வெண்ணிற அல்லது பச்சை நிறப் பொடி மின்னோட்டத்தைத் தடுக்கும். அப்பச்சோடா கரைத்த வெந்நீரால், கரைசல் கலத்துட் புகாவண்ணம் கழுவி, அரத்தாளால் உரசி, இறுகப் பூட்டியபின் கிறீசு பூசுக. எதிர்முனையிலிருந்து வாகனவுடலுக்குச் செல்லும் புவிக்கம்பியையும் மறவாது பார்க்க. அது துருப்பிடித்திருக்கப் பிற உறுப்புக்களை மாற்றிக்கொண்டேயிருப்பது வீண்.

பகலில் மின் நன்கேறியும் காலையில் பற்றரி வெறுமையாயின் இரவில் மின் கசிகின்றது. பழைய வாகனமாயின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, அதற்கும் முனைக்குமிடையே சிறு 12 வோல்ற்றுக் குமிழைத் தொடுக்க. எல்லாம் நிறுத்தப்பட்டிருக்கவும் குமிழ் எரியுமாயின் கசிவு உறுதி. இருவாயி பழுதுற்றாலும் இவ்வாறு நேரும். அப்போது ஓடாத வாகனத்தின் அல்டர்னேற்றர் காலையில் இளஞ்சூடாயிருக்கும்.

இவையனைத்தும் செம்மையாயிருந்தால் மட்டுமே பற்றரியை ஐயுறுக. மூடி திறக்கத்தக்கதாயின், மின்னேற்றியபின் நீர்மானியால் ஆறு கலங்களையும் தனித்தனியே அளக்க. நிறைந்த கலத்தில் தன்னீர்ப்பு 1.26 முதல் 1.28 வரை இருக்கும். ஒரு கலம் மட்டும் ஏனையவற்றினும் 0.05 குறைந்திருப்பின் அப்பற்றரியை மாற்றுவதே தக்கது. தகடுகளை மூடுமளவு காய்ச்சி வடித்த நீரையே விடுக. கிணற்றுநீரும் அமிலமும் விடலாகாது.

இயந்திரம் ஓடும்போது பற்றரிக் கம்பியைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. டைனமோக் காலத்திலிருந்து வந்த இம்முறை அல்டர்னேற்றருக்கு நஞ்சாகும்; வோல்ற்றளவு திடீரென உயர்ந்து இருவாயிகளை எரித்துவிடும். மின்னேறும் பற்றரியிலிருந்து தீப்பற்றும் ஐதரசன் வாயு வெளிப்படுவதால் அருகே பீடியோ தீக்குச்சியோ ஆகாது. கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது இறுதியிலும் தொடுக.

முற்றாக வெறுமையான பற்றரியை நிரப்பும் வேலையை அல்டர்னேற்றரிடம் விடாது, வேலைத்தலத்தில் மெதுவாக மின்னேற்றுவித்தல் நன்று. 70 அம்பியர்மணிப் பற்றரிக்கு 7 அம்பியருக்கு மேற்படாத ஓட்டம் போதும். பத்து மணி நேரம் அல்லது சற்று மிகுதியாகச் செல்லும்.